ஒரே பெயரும் மூன்று சம்சாரமும்

என் பெயரை இங்கே எழுதப்போவதில்லை. எழுதினால் எங்கள் தெருவிலேயே இன்னும் மூன்று பேர் வந்து, "என்னைப் பற்றி எதற்கு எழுதினீர்கள்?" என்று கேட்பார்கள்.

தெருக்கோடியில் ஒரு பெருமாள் கோயில் இருக்கிறது. வீட்டில் ஒரு பிள்ளைக்காவது அந்தச் சாமியின் பெயரை வைப்பது ஒரு காலத்தில் வழக்கம். எங்கள் வார்டின் வாக்காளர் பட்டியலில் அந்தப் பெயர் பதினொரு இடத்தில் வருகிறது. அதில் ஒருவர் இறந்து நாளாயிற்று, நீக்கிவிடுங்கள் என்று நான்தான் மனு கொடுத்தேன். அடுத்த பட்டியலில் இறந்தவர் இருந்தார். நான் இல்லை.

தெருவில் மட்டும் நாங்கள் நான்கு பேர். நான் பஸ் டெப்போவில் முப்பத்தொரு வருஷம் டைம் கீப்பராக இருந்து ஓய்வு பெற்றவன். எந்த வண்டி எத்தனை மணிக்கு வந்தது, எத்தனை மணிக்குப் போனது என்று எழுதுவதே என் பிழைப்பு. எதிர்வரிசையில் மூன்றாவது வீட்டுக்காரர் பாவு வேலை செய்கிறார். தறியில் ஏற்றுவதற்கு முன் பட்டு நூலைத் தெருவின் நீளத்துக்கு விரித்துக் கஞ்சி தடவி, அறுந்த இழைகளை ஒவ்வொன்றாக முடிந்து கொடுப்பது அவர் வேலை. என் வயதுதான். கல்யாணம் செய்துகொள்ளாதவர். மூன்றாமவர் குடலை இட்லி போடுகிறவர். மூங்கில் குடலைக்குள் மந்தாரை இலையைச் சுற்றி, மிளகும் சுக்கும் போட்ட மாவை ஊற்றி மூன்று மணி நேரம் வேகவைப்பார். கோயிலில் தருவதுபோலவே இருக்கும், கொஞ்சம் உப்பு கூட என்பது என் கருத்து. நான்காமவர்தான் எங்களில் இளையவர், நாற்பத்திரண்டு வயது. அமரர் ஊர்தி ஓட்டுகிறார்.

தெருக்காரர்களுக்கு இதில் குழப்பமே கிடையாது. டீக்கடை அம்மாவிடம் யாராவது பெயரைச் சொன்னால், "டைமா, பாவா, இட்லியா, ஊர்தியா?" என்பார். அவ்வளவுதான். வெளியாட்கள்தான் அவதிப்படுவார்கள். ஒருமுறை யாரோ இட்லிக்காரருக்குப் பதில் ஊர்திக்காரருக்கு ஃபோன் செய்து, "நாளைக்குக் காலையில ஆறு மணிக்கு நாப்பது பேருக்கு வேணும்பா" என்று சொல்லிவிட்டார்கள். ஊர்திக்காரர் ஃபோனைப் பிடித்துக்கொண்டே உட்கார்ந்துவிட்டார். "நாப்பது பேரா? இன்னா சார் ஆச்சு, பஸ்ஸு கவுந்துடுச்சா?" என்று அவர் கேட்டது பக்கத்துத் தெருவரை கேட்டது.

இப்படிச் சிரித்துக்கொண்டிருந்த விஷயம் போன மாசி மாதம் என் பெண்ணின் கல்யாணத்தில் வந்து நின்றது.

எனக்கு ஒரே பெண். முப்பத்திரண்டு வயது. ஒரகடம் பக்கம் காருக்குப் பாகங்கள் செய்யும் தொழிற்சாலையில் தரம் பார்க்கும் வேலை. பதினான்கு ஜாதகங்களைத் திருப்பி அனுப்பியவள், திடீரென்று ஒருநாள் சாப்பிட்டுக்கொண்டே, கூட வேலை செய்யும் வாலாஜாபாத் பையன் ஒருவனைச் சொன்னாள். "இது நடக்கலன்னா வேற யாரையும் பாக்காதீங்க. விட்டுடுங்க." அவள் ஒன்று சொன்னால் அது ஒன்றுதான். பையனுக்கு அப்பா இல்லை. பெரியப்பாதான் வளர்த்தவர். அவர் சரி என்று சொல்லாமல் தாலி கட்டமாட்டேன் என்று பையன் தெளிவாகச் சொல்லிவிட்டான். ஆக, எல்லாம் அந்தப் பெரியப்பா கையில்.

ஒருநாள் காலை எட்டு ஐம்பதுக்கு என் பெண் தொழிற்சாலையிலிருந்து கூப்பிட்டாள்.

"அப்பா, அவங்க பெரியப்பா இன்னைக்கு நம்ம தெருவுக்கு வராராம். விசாரிக்க."

"இன்னைக்கா? எத்தனை மணிக்கு?"

"அத சொல்லிட்டா அது விசாரணையாப்பா? நீ வெளிய வராத. தெருவுல நின்னுக்கினு, வாட்ச பாத்துக்கினு இருக்காத."

"நான் ஏம்மா நிக்கப்போறேன்?"

"அப்பா. எனக்கு இது ஒண்ணுதான். வீட்டுக்குள்ளயே இரு."

இந்த விசாரிப்புக்கு எங்கள் பக்கம் ஒரு முறை இருக்கிறது. வருகிறவர் தான் யாரென்று சொல்லமாட்டார். விசாரிக்கப்படுகிறவர் தலைகாட்டக்கூடாது. தெருவில் இருப்பவர்கள், வந்தவர் எதற்கு வந்திருக்கிறார் என்பதை முதல் வார்த்தையிலேயே கண்டுபிடித்துவிட்டு, கண்டுபிடிக்காததுபோல நல்லதாக நாலு வார்த்தை சொல்லவேண்டும். எல்லோருக்கும் எல்லாம் தெரியும். யாரும் காட்டிக்கொள்ளமாட்டார்கள்.

நான் வீட்டுக்குள் நடந்தேன். வாசல் கதவுக்கும் கொல்லைக்கும் பத்தொன்பது தடவை. "இன்னாங்க, தரை தேஞ்சுடப்போவுது. ஒரு எடத்துல உக்காருங்க" என்றாள் என் மனைவி. அவள் பள்ளிக்கூடத்தில் சத்துணவு அமைப்பாளராக இருந்தவள். இருநூறு குழந்தைகளை உட்காரவைத்துச் சாப்பிடச் செய்தவளால் என்னை உட்காரவைக்க முடியவில்லை. நான் மாடிக்குப் போய், துணி உலர்த்தும் கொடியில் கிடந்த இரண்டு புடவைகளுக்கு நடுவே நின்றுகொண்டேன். மாடி தெருவில் சேராது என்பது என் வாதம்.

ஒன்பது நாற்பதுக்கு அவர் வந்தார். பார்த்ததும் தெரிந்துவிட்டது. வேலையாக வருகிறவன் டீயைக் குடித்துவிட்டுப் போவான். விசாரிக்க வந்தவர் டீயை வாங்கி ஆறவிடுவார். வெள்ளை வேட்டி, சட்டைப்பையில் சின்ன நோட்டு. டீக்கடையில் ஆறு நிமிஷம், இஸ்திரி வண்டியில் நான்கு நிமிஷம், மருந்துக்கடையில் ஒன்பது, கோயில் வாசலில் பூக்கட்டும் அம்மாவிடம் மூன்று. ஒவ்வொரு இடத்திலும் பேசி முடித்து, தள்ளிப்போய் நோட்டில் எழுதினார். பேசுவது எனக்குக் கேட்கவில்லை. டீக்கடையிலிருந்து சிரித்த முகமாகத்தான் கிளம்பினார். இஸ்திரி வண்டியில் நெற்றியைச் சுருக்கினார். மருந்துக்கடையிலிருந்து வெளியே வந்து நோட்டில் முன்பக்கத்தைத் திருப்பிப் பார்த்தார். பூக்காரம்மாவிடம் பேசிய பிறகு, எழுதியதையே இரண்டு தடவை படித்தார். நோட்டை மூடிப் பையில் வைத்துக்கொண்டு பஸ் ஸ்டாண்டைப் பார்த்து வேகமாக நடந்தார். மணி பத்து இருபத்தைந்து. வாலாஜாபாத் வண்டி பத்து ஐம்பதுக்கு.

நான் கீழே இறங்கி வந்தேன். பத்து முப்பத்திரண்டுக்கு ஃபோன் அடித்தது. என் பெண்.

"அப்பா, உனக்கு எத்தனை பொண்டாட்டி?"

"இன்னாம்மா கேள்வி இது?"

"பெரியப்பா அவங்க வீட்டுக்கு ஃபோன் பண்ணி, அந்தாளுக்கு மூணு சம்சாரம், அதுல ஒண்ணத்தக்கூட முறையா கட்டிக்கலன்னு சொல்லிட்டாராம். ஒருத்தி நர்ஸாம், ஒருத்தி டைலராம். இந்த சம்பந்தமே வேணாம்னுட்டாரு." ஃபோனில் விட்டுவிட்டு ஒரு சத்தம் வந்தது. சிரிக்கிறாளோ என்று நினைத்தேன். சிரிக்கவில்லை.

ஃபோன் சத்தமாக வைத்திருந்ததால் என் மனைவிக்கும் கேட்டுவிட்டது. அவள் கோபப்படவில்லை. என்னை மேலிருந்து கீழ்வரை ஒருமுறை பார்த்தாள். "இந்த மனுசன மூணு பேரு கட்டிக்கினாங்களா? எனக்கே முடியல" என்றாள். அப்புறம்தான் அவள் முகம் மாறியது. "போங்க. போய் அவரப் புடிங்க."

செருப்பைக்கூடச் சரியாக மாட்டாமல் டீக்கடைக்கு ஓடினேன். "அந்த ஆளுகிட்ட இன்னாம்மா சொன்ன?"

"நல்லதாத்தாங்க சொன்னேன். மொகத்த உம்முனு வச்சிக்கினு பேரச் சொன்னாரு. துக்க வீட்டுக்காரரு, வண்டி சொல்ல வந்திருக்காருன்னு ஊர்தியப் பத்திச் சொன்னேன். தங்கமான மனுசன், சம்சாரம் நர்ஸு, ரெண்டு பசங்கன்னேன்."

இஸ்திரிக்காரர், கையில் நோட்டு வைத்திருந்ததால் விருந்துக்கு ஆர்டர் கொடுக்க வந்தவர் என்று நினைத்து இட்லிக்காரரைப் பற்றிச் சொல்லியிருக்கிறார். அவர் மனைவிதான் டைலர், ஒரு பையன். மருந்துக்கடையில் என்னைப் பற்றிச் சொல்லியிருக்கிறார்கள், ரத்த அழுத்த மாத்திரைக்கு மாதம் தவறாமல் போகிறவன் நான்தானே. பூக்காரம்மா தினமும் காலையில் கோயிலில் பார்ப்பது பாவுக்காரரை. "அவரு கல்யாணமே பண்ணிக்கலங்களே, சாமியே கதின்னு கீறாரு" என்றிருக்கிறார். ஆக மொத்தம் மூன்று மனைவி, நான்கு பிள்ளைகள், கல்யாணம் மட்டும் ஆகவில்லை.

ஊர்திக்காரர் தன் வீட்டு வாசலில் வண்டியைக் கழுவிக்கொண்டிருந்தார். மூச்சு வாங்க வாங்கச் சொன்னேன். அவர் குழாயை மூடிவிட்டு, "ஏறுண்ணா" என்றார்.

"இதுலயா? நல்ல காரியத்துக்குப்பா."

"வேற வண்டி எங்க கீது? பத்து ஐம்பதுக்கு பஸ்ஸுன்ற. ஏறு. நீ மட்டும் வந்தா ஆவாது. மூணு பொண்டாட்டிக்காரன் நேர்லயே வந்துட்டான்னு அவரு ஓடுவாரு. நாலு பேரையும் ஒண்ணா நிக்க வச்சாத்தான் நம்புவாரு."

அதில் நியாயம் இருந்தது. பாவுக்காரர் தெருவில் விரித்த நூலுக்குப் பக்கத்தில் கையெல்லாம் கஞ்சியோடு நின்றார். "இழை முடிஞ்சிக்கினு இருக்கேன்யா" என்றார். "பொண்ணு கல்யாணம் நின்னுடும்போல இருக்குது" என்றேன். உடனே கையை வேட்டியில் துடைத்துக்கொண்டு ஏறினார். இட்லிக்காரர் ஆவி பறக்கும் குடலையோடு ஆட்டோவுக்குக் காத்திருந்தார். அவரிடமும் விஷயத்தைச் சொன்னோம். "முத்தியால்பேட்டையில குடுக்கணும், அந்தப் பக்கம்தான போறீங்க?" என்று குடலையோடு முன்சீட்டில் ஏறிக்கொண்டார். நானும் பாவுக்காரரும் பின்னால், ஐஸ் பெட்டிக்கு இந்தப் பக்கம் ஒருவர், அந்தப் பக்கம் ஒருவர்.

வண்டி புறப்பட்டதும் கூரையிலிருந்த ஸ்பீக்கரில் சங்கு ஊத ஆரம்பித்தது.

"அத நிறுத்துப்பா!"

"சுச்சு போயிடுச்சுண்ணா. சாவியப் போட்டாலே ஊதும்."

பஸ் ஸ்டாண்டுக்குப் போனபோது மணி பத்து ஐம்பத்திரண்டு. வண்டி பத்து ஐம்பதுக்கே போய்விட்டிருந்தது. முப்பத்தொரு வருஷம், ஏன் தாமதம், ஏன் தாமதம் என்று டிரைவர்களைக் கேட்டே தொண்டை வறண்டவன் நான். ஒரு வண்டி சரியான நேரத்துக்குப் போனதற்காக அன்றுதான் முதல்முறையாகத் திட்டினேன்.

"தொரத்துடா" என்றார் பாவுக்காரர். அவர் வாயிலிருந்து 'டா' வந்து நான் கேட்டதில்லை.

அந்தப் பயணத்தை எப்படி எழுதுவது என்று தெரியவில்லை. சங்கு ஊதுகிறது. இட்லி மணக்கிறது. வழியெல்லாம் ஜனங்கள் ஒதுங்கி நின்று கையெடுத்துக் கும்பிடுகிறார்கள். நான் எண்ணியவரையில் இருபத்திமூன்று பேர். ஒரு பெரியவர் செருப்பைக் கழற்றிவிட்டே கும்பிட்டார். பாவுக்காரர் மரியாதை தெரிந்தவர். கும்பிட்டவர்களுக்கெல்லாம் கண்ணாடி வழியாகத் திருப்பிக் கும்பிடு போட்டார். சைக்கிளில் வந்த ஒருவர் அதைப் பார்த்துவிட்டு, சைக்கிளை அப்படியே போட்டுவிட்டு வயலுக்குள் இறங்கி ஓடினார்.

"யோவ், நீ கும்புடாத. செத்தவன் கும்புடுறான்னு நெனைக்கிறாங்க" என்று கத்தினேன்.

"அதுக்காக ஒரு மனுசன் கும்புட்டா சும்மா இருக்கிறதா?"

முன்னாலிருந்து இட்லிக்காரர் சிரிக்க ஆரம்பித்தார். அவர் சிரித்தால் குடலை ஆடும். குடலை ஆடினால் அவர் இன்னும் சிரிப்பார். என் பெண்ணின் வாழ்க்கை கைநழுவிப் போய்க்கொண்டிருக்கிறது, எனக்கும் அடக்க முடியவில்லை. ஐஸ் பெட்டியின்மேல் கையை ஊன்றிக்கொண்டு கண்ணில் நீர் வரச் சிரித்தேன். ரத்த அழுத்தம் எவ்வளவு ஏறியதோ.

அய்யம்பேட்டை நிறுத்தத்தில் பஸ் நின்றுகொண்டிருந்தது. ஊர்தி அதன் முன்னால் போய்க் குறுக்காக நின்றது. நான் இறங்கி பஸ்ஸில் ஏறினேன். அவர் மூன்றாவது ஜன்னலோரம் இருந்தார்.

"ஐயா, கொஞ்சம் எறங்குங்க. நான்தான் பொண்ணோட அப்பா."

அவர் என்னைப் பார்த்தார். ஜன்னல் வழியே ஊர்தியைப் பார்த்தார். "இன்னாய்யா இது? என்னை ஏத்திக்கினு போக வந்தீங்களா?"

பஸ்ஸே சிரித்தது. கண்டக்டர், "எறங்குறதுன்னா எறங்குங்க பெரியவரே, சங்கு வேற ஊதுது" என்றார். அவர் இறங்கினார், முக்கால்வாசி வெட்கத்தில். பஸ் போய்விட்டது.

நிழற்குடையில் நாங்கள் நான்கு பேரும் வரிசையாக நின்றோம். ஒவ்வொருவராகப் பெயரையும் தொழிலையும் சொன்னோம். முதல் இரண்டு பேர் சொன்னதும், "விளையாடுறீங்களா?" என்றார். மூன்றாவதாக இட்லிக்காரர் ஆதார் அட்டையை எடுத்து நீட்டினார். நான்காவதாக ஊர்திக்காரர் ஓட்டுநர் உரிமத்தை நீட்டினார். வாங்கி, தூரமாகப் பிடித்துப் படித்துப் பார்த்தார். அப்புறம் சிமெண்டு பெஞ்சில் உட்கார்ந்துவிட்டார்.

"நர்ஸு?"

"என் சம்சாரம் சார்" என்றார் ஊர்திக்காரர்.

"டைலரு?"

"நம்ம வீட்டுலதாங்க" என்றார் இட்லிக்காரர்.

"கல்யாணமே ஆகாதவரு?"

பாவுக்காரர் கும்பிட்டார்.

பிறகுதான் அவர் தன் தரப்பைச் சொன்னார். ரைஸ் மில்லில் மேஸ்திரியாக இருந்தவராம். ஒரு மூட்டையை ஒரு இடத்தில் குத்திப் பார்த்து நம்பமாட்டாராம்; நான்கு இடத்தில் குத்தி எடுத்து, உள்ளங்கையில் கலந்து வைத்துத்தான் அரிசியைப் பார்ப்பாராம். சம்பந்தமும் அப்படித்தான். பெயரை மட்டும் சொல்லவேண்டும், தொழிலைச் சொல்லக்கூடாது. "நாம இன்னான்னு சொல்லிட்டா அதையே திருப்பிச் சொல்லுவாங்க. இருபது சம்பந்தம் இப்படித்தான் விசாரிச்சேன், ஒண்ணுகூட சோடை போவல. நாலு எடத்துல குத்துனேன்யா. நாலும் வேற வேற மூட்டையா இருக்கும்னு எவன் கண்டான்?"

நோட்டை வெளியே எடுத்தார். பன்னிரண்டு குறிப்புகள் இருந்தன. "சரி. இதுல எது யாருதுன்னு பிரிங்க" என்றார்.

பிரித்தோம். துக்க வீட்டில் கடைசிவரை கூட நிற்பார்: ஊர்திக்காரர். வந்தவரைச் சாப்பிடாமல் அனுப்பமாட்டார்: இட்லிக்காரர். பொறுமையில் அவரை மிஞ்ச ஆளில்லை: பாவுக்காரர். விடிவதற்குமுன் எழுந்துவிடுவார் என்பதற்கு இரண்டு பேர் போட்டிபோட்டார்கள். எல்லாம் போய்க் கடைசியில் இரண்டு மிஞ்சின. நேரம் தவறமாட்டார். எதற்கெடுத்தாலும் பதறுவார்.

"பன்னெண்டுல உங்களுது ரெண்டுதானா?" என்றார் என்னைப் பார்த்து.

"ரெண்டுதாங்க."

"அதுலயும் ஒண்ணு கொறை."

என் பெண் அங்கே ஃபோனைக் கையில் வைத்துக்கொண்டு நிற்பாள். இன்னும் இரண்டு நல்ல குணம் இருக்கிறது என்று சொல்லத் தோன்றியது. என்ன இருக்கிறது என்று யோசித்துப் பார்த்தேன், சட்டென்று ஒன்றும் அகப்படவில்லை.

"துக்க வீட்டுது இருக்குது பாருங்க, அத அண்ணன் பேர்லயே போட்டுக்குங்க சார்" என்றார் ஊர்திக்காரர். "எங்கம்மா செத்தப்ப மூணு நாளு எங்கூடவே இருந்தாரு. இன்னா, மணிக்கு ஒருதரம் எப்ப எடுக்கிறீங்க, எப்ப எடுக்கிறீங்கன்னு கேட்டுக்கினே இருந்தாரு. அது ஒண்ணுதான் தொல்லை."

"சாப்பாட்டுதுல பாதி அவருக்குத் தரலாங்க" என்றார் இட்லிக்காரர். "அவரு வீட்டுல போடுவாங்க. எத்தனை தோசை தின்னோம்னு எண்ணுவாரு, ஆனா போடுவாங்க."

பாவுக்காரர் கையில் காய்ந்திருந்த கஞ்சியைச் சுரண்டினார். "என்னோட பொறுமையக் குடுத்துடலாம்னு பாத்தேன். பொய்யாயிடுமேன்னு இருக்குது."

பெரியப்பாவின் தோள் குலுங்கியது. முதலில் இருமல் என்று நினைத்தேன். நோட்டால் முகத்தை மூடிக்கொண்டு சிரித்தார். சிரித்து ஓய்ந்து, "இவ்ளோ பேரு இவருக்காக வேலையப் போட்டுட்டு ஓடி வந்தீங்களே, ஏன்யா?" என்றார்.

"கல்யாண இட்லி என்னுதாச்சே. நின்னுபோனா யாருக்கு நஷ்டம்?" என்றார் இட்லிக்காரர்.

பெரியப்பா ஃபோனை எடுத்து, பையனின் அம்மாவைக் கூப்பிட்டார். "நான்தாம்மா. தப்பா விசாரிச்சிட்டேன். சம்சாரம் ஒண்ணுதான். இல்லம்மா, மூணு சம்சாரமும் இருக்காங்க. ஆனா இவருது இல்ல. ஆளு நாலு பேரு. பேரு ஒண்ணு. அட, கல்யாணம் ஆவாதவரு இதோ எதுக்கத்தான் நிக்கிறாரு." கொஞ்ச நேரம் கேட்டுக்கொண்டிருந்துவிட்டு ஃபோனை என்னிடம் நீட்டினார். "நீங்களே சொல்லுங்க."

நான் வரிசையாக எடுத்துச் சொன்னேன். அந்த அம்மா எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "அது சரிங்க. பின்னால சங்கு ஊதுற சத்தம் கேக்குதே, எங்க மாமாவுக்கு ஒண்ணும் ஆவலியே?" என்றார்.

"எனக்கு ஒண்ணும் ஆவலம்மா!" என்று அவரே ஃபோனுக்குக் கத்தினார். "வெள்ளிக்கிழம அவங்கள வரச்சொல்றேன். பொண்ணு நம்ம வீட்டுக்குத்தான்." என் பக்கம் திரும்பினார். "நாலு பேரும் வாங்க. குடும்பத்தோட. பஸ்ஸுல வாங்க."

என் பெண்ணைக் கூப்பிட்டேன். முதல் மணியிலேயே எடுத்துவிட்டாள். பின்னால் இயந்திரங்களின் இரைச்சல். "அப்பா?" என்றாள். "வெள்ளிக்கிழம" என்று மட்டும் சொன்னேன். அவளுக்குப் புரிந்துவிட்டது. மூக்கை உறிஞ்சும் சத்தம் மட்டும் கேட்டது. பிறகு அந்தப் பக்கத்தில் ஃபோன் கைமாறியது. இதுவரை நான் கேட்டிராத ஓர் ஆண்குரல், தயங்கித் தயங்கி, "மாமா, சம்சாரம் ஒண்ணுதானே?" என்றது.

"ஒண்ணுதான் மாப்பிள்ளை" என்றேன்.